பெரிய கடையின் சிறிய எரிச்சல்கள்

காக்ஸ் டவுனில் குடியிருப்போருக்கு மளிகை வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய சந்தையும் அதைச் சுற்றிய சிறு கடைகளும். துவரம்பருப்பு அரைக் கிலோ என்று தமிழில் சொன்னால் கடைக்காரர் நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். மற்றொன்று, குளிரூட்டப்பட்ட பெரிய கடை. அங்கே எவரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வெயிலும் நெரிசலும் இல்லை. ஆயினும் அங்கிருந்து திரும்பும்போதுதான் களைப்பு மிகுதியாக இருக்கிறது. இது ஏன் என்று சில நாள்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எரிச்சலூட்டுபவை ஒவ்வொன்றும் அற்பமானவையே. சென்ற மாதம் புளி இருந்த அலமாரியில் இம்மாதம் சோப்பு இருக்கிறது. பில் போடும் மேசைகள் ஆறு. ஆள் இருப்பது இரண்டில். முறை வந்ததும் கைப்பேசி எண், உறுப்பினர் அட்டை, பைக்குத் தனிக் காசு. வெளியேறும் வாசலில் காவலர் பில்லைப் பார்த்து முத்திரை குத்துகிறார்.

இக்களைப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பட்டியலைக் கொடுத்தால் கடை ஊழியர் பொருளை எடுத்துத் தருவதே பழைய வழக்கம். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய பிக்லி விக்லி கடை அதை மாற்றியது. வாங்க வந்தவரே அலமாரிகளைக் கடந்து நடந்து பொருளை எடுத்துவரும் அம்முறைக்கு 1917இல் காப்புரிமையும் கிடைத்தது. கூடையின் பாரம் தாங்காமல் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடக் கூடாதே என்று, 1937இல் ஓக்லஹோமா நகரக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மன் தள்ளுவண்டியை அறிமுகம் செய்தார். தேடுதல், எடுத்தல், சுமத்தல் என ஊழியர் கூலிக்குச் செய்த வேலைகள் இவ்வாறு கூலியின்றி நம்மிடம் வந்து சேர்ந்தன. நமது களைப்பு உழைத்த களைப்பே.

சில எரிச்சல்களுக்கு முறையான தீர்வும் உண்டு. கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதத்தில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. முன்னறிவிப்பின்றிப் பணம் செலுத்துமிடத்தில் பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் கூறியது. முறையிட 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் நமது கோபம் அங்கெல்லாம் போவதில்லை. பில் போடும் பெண்ணின் மீது இறங்குகிறது. எண்ணைக் கேட்கச் சொன்னவரும் அவரல்லர். நான்கு மேசைகளை ஆளின்றி விட்டவரும் அவரல்லர். எங்கள் பகுதியில் பெரும்பாலும் அவர் வெளியூர்க்காரர். தமிழ் பேசும் வாடிக்கையாளரும் அவரும் அரைகுறை இந்தியில் சச்சரவிட்டுக்கொள்கிறார்கள். விதிகளை வகுத்தவர் இருவர் கண்ணிலும் படுவதில்லை.

இத்தகைய கடை ஊழியரின் வாழ்வை 2010இல் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் நமக்குக் காட்டியது. ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டுமென்று தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. வரிசையில் இருபது நிமிடம் நின்றதற்காகச் சினக்கும் நாம், நாள் முழுவதும் நிற்பவரிடமே அச்சினத்தைக் காட்டுகிறோம்.

குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதன்று என் கருத்து. அவற்றை நிர்வாகத்துக்கு எழுதலாம், 1915க்குச் சொல்லலாம். அப்போது, பில் போடுபவருக்கு நாற்காலி இல்லாததையும் ஒரு குறையாகச் சேர்த்தே எழுதலாம். உங்கள் ஊர்க் கடைகளில் அந்த நாற்காலி இருக்கிறதா? நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.