கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டுமா?

ரயில் பிரயாணத்தில் ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்து ஆசாமியைப் பிடிக்கவில்லையென்றால் எழுந்துபோய்க் கதவோரம் நிற்கலாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஒரு காப்பி சாப்பிட்டுக் கோபத்தை ஆற்றிக்கொள்ளலாம். ஆகாய விமானத்தில் அதற்கெல்லாம் வழியில்லை. 35,000 அடி உயரத்தில் கோபித்துக்கொண்டு எங்கே போவது?

நம் நாட்டு ஊர்களுக்கிடையே பறக்கும் விமானங்கள் பலவற்றில் நடுவே ஒரு குறுகிய நடைபாதை. இரு பக்கமும் மும்மூன்று ஆசனங்கள். ஓர் ஆசனத்தின் முதுகிலிருந்து அடுத்ததன் முதுகு வரை அளந்தால் சுமார் 30 அங்குலம் இருக்கும். ஆகவே, முன்னால் இருப்பவர் சாய்வது வெறும் காற்றின் மேல் அல்ல. பின்னால் இருப்பவரின் முழங்காலின் மேல்.

"பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியிருக்கிறேன்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பின்னால் இருப்பவர் மட்டும் இனாமாகவா வந்திருக்கிறார்?

ஒரு முறை சென்னையிலிருந்து டில்லிக்குப் போய்க்கொண்டிருந்தேன். விமானத்தில் ஓர் இடம்கூடக் காலியில்லை. என் பக்கத்து ஆசனத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். அவளுக்கு முன்னால் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, முதுகு வலி. கொஞ்சம் சாய்ச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"குழந்தைக்குப் பால் கொடுத்துட்டுச் சொல்றேன் ஐயா."

"அவசரமே இல்லை, அம்மா."

பால் குடித்து முடிந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார்! கேட்டவருக்கும் நஷ்டமில்லை, கேட்கப்பட்டவளுக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதன் பிறகு அந்த இரண்டு வரிசைகளிலும் எல்லோரும் மனிதர்களாகிவிட்டோம். விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் மாறி, காது வலியால் குழந்தை வீரிட்டது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "மறுபடி கொஞ்சம் பால் கொடும்மா, விழுங்கினால் காது அடைப்பு விடும்" என்று ஓர் அம்மாள் யோசனை சொன்னாள்.

இதெல்லாம் அற்ப விஷயம் என்று தோன்றலாம். நடு ஆசனக்காரருக்கு ஜன்னலும் இல்லை, நடைபாதையும் இல்லை. கைப்பிடிகள் இரண்டையும் அவருக்கு விட்டுவிடுவதும் அற்ப விஷயந்தான். ஆனால் வேறொன்றையும் நினைத்துப் பாருங்கள்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஒரு ஜப்பானியப் பிரயாணி விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் மாண்டார்கள். பெரிய விமானமும் எரிந்து கூடாகிவிட்டது. ஆனால் அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். சிப்பந்திகளின் சொல்லைக் கேட்டு, அநேகமாக எல்லோரும் தங்கள் பெட்டிகளை விட்டுவிட்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் தம் பெட்டிக்காக அரை நிமிஷம் வழிமறித்திருந்தால், கடைசி வரிசைக்காரர்களின் கதி என்ன?

நெருப்புப் பிடித்த பிறகு உட்கார்ந்து கற்றுக்கொள்ளக்கூடிய குணமல்ல அது. சக்கரம் தரையைத் தொட்டதும் பட்டையை அவிழ்த்துக்கொண்டு, பிறர் தலைக்கு மேல் கையை நீட்டிப் பெட்டியை இழுக்கிறோமே, அந்தச் சாதாரண நாட்களில்தான் அதைப் பழக வேண்டும். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் இருப்பார். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவரும் இருப்பார். அவர்கள் முதலில் போகட்டும் என்று இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருப்பதால், நமக்காக வெளியே காத்திருக்கும் ஊர் எங்கும் ஓடிவிடாது.