சராசரி எஃப்பிஎஸ் பார்த்து கிராஃபிக்ஸ் கார்டு மாத்தப் போறீங்களா? ஒரு நிமிஷம் (த்ரெட்)

1/ டாக்டருக்கு கேம்ல என்ன வேலைன்னு கேட்காதீங்க. ரிப்போர்ட் படிக்கிறதுதான் என் தொழில். பென்ச்மார்க்கும் ஒரு ரிப்போர்ட்தான். அதைத் தப்பா படிச்சா உங்க பணம் சில பத்தாயிரம் வீணாகும்.

2/ கேம் செட்டிங்ஸ்ல டைரக்ட்எக்ஸ் 11, 12, வல்கன்னு பார்த்திருப்பீங்க. கேமும் கிராஃபிக்ஸ் கார்டும் பேசிக்கிற மொழி இதெல்லாம். 11 வந்தது 2009ல. 12 வந்தது 2015ல, விண்டோஸ் 10 கூட. வல்கன் 2016ல.

3/ 11ல நிறைய வேலையை டிரைவரே பார்த்துக்கும். மத்த ரெண்டுலயும் அந்தப் பொறுப்பு கேம் எழுதுறவங்க கைக்குப் போயிடும். நல்லா எழுதினா பிராசஸர் சுமை குறையும். சுமாரா எழுதினா பழசே மேல்.

4/ ரெண்டுக்கும் சாட்சி இருக்கு. 2016 ஜூலைல டூம் கேமுக்கு வல்கன் வந்ததும் ஏஎம்டி கார்டுகள்ல வேகம் நல்லாவே ஏறுச்சு. 2022 டிசம்பர்ல விட்சர் 3 அப்டேட் வந்தப்போ, டைரக்ட்எக்ஸ் 12ஐ விட 11லயே சீரா ஓடுச்சு.

5/ இப்போ முக்கியமான விஷயம். சுகர் பேஷன்ட்டுக்கு ஹெச்பிஏ1சி 7ன்னு வரும். பார்க்க நல்லா இருக்கும். ஆனா அது மூணு மாச சராசரி. ராத்திரி சுகர் 50க்கு இறங்கி வேர்த்துக் கொட்டினது அதுல தெரியாது.

6/ எஃப்பிஎஸ்ஸும் அப்படித்தான். ஒரு செகண்ட்ல 90 ஃபிரேம் தலா 10 மில்லிசெகண்ட், ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிசெகண்ட்னு வைங்க. சராசரி 91. ஆனா கண்ணுக்கு 'டக்'னு நின்ன மாதிரி இருக்கும். ஒரே சீரா 75ல ஓடுறது இதைவிட சுகம். அதனால '1% லோ' எண்ணைப் பாருங்க.

7/ வீட்டுலயே டெஸ்ட் பண்ணலாம். கேப்ஃப்ரேம்எக்ஸ் இலவசம். அதே இடம், அதே ரெசல்யூஷன், அதே செட்டிங். ஏபிஐ மட்டும் மாத்துங்க. ஒவ்வொண்ணுலயும் மூணு தடவை. முதல் ஓட்டத்துல ஷேடர் கம்பைல் ஆகி திக்கும், அதைத் தனியா குறிச்சு வைங்க.

8/ கூடவே கார்டு எவ்வளவு உழைக்குதுன்னும் பாருங்க. 95%க்கு மேல நின்னா கார்டுதான் தடை. 60%ல சும்மா இருந்தும் எஃப்பிஎஸ் ஏறலையா? ஃபிரேம் லிமிட், விசிங்க் ஆஃப்ல இருக்கான்னு பார்த்துடுங்க. அப்பவும் அதே கதைன்னா பெரும்பாலும் பிராசஸர்தான் தடை. அங்கே புது கார்டு வாங்குறது, கால் வலிக்கு கண்ணாடி மாத்துற மாதிரி. முதல்ல ஏபிஐ மாத்திப் பாருங்க, அதுக்குக் காசு கிடையாது.