ஒல்வேரா தெருவும் நான் வாங்கிய தொப்பியும்

லாஸ் ஏஞ்சலஸுக்குப் படிக்க வந்த புதிதில் எனக்கு ஒரு பெரிய குறை. இந்த ஊருக்கு நடு என்று ஒன்று இல்லை. நம் ஊர்களில் கோயிலோ தேரடியோ மணிக்கூண்டோ ஏதாவது ஒன்றை வைத்து வழி சொல்லிவிடலாம். இங்கே எங்கே திரும்பினாலும் எட்டு வழிச் சாலை, அதற்கு மேலே இன்னொரு சாலை. "இந்த ஊர் எங்கே ஆரம்பிச்சது?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஒருவன் மட்டும், "ஒல்வேரா தெருவுக்குப் போ. டாக்கிட்டோ நல்லா இருக்கும்" என்றான். நான் கேட்டது சரித்திரம், அவன் சொன்னது சாப்பாடு. இரண்டும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் முறை நண்பர்கள் நாலு பேரோடு போனேன். யூனியன் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, எதிரே சாலையைக் கடந்தால் வந்துவிடுகிறது. கார் நுழையாத, செங்கல் பதித்த சின்னத் தெரு. விறுவிறுவென்று நடந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் விறுவிறுவென்று நடக்க முடியாது. தெருவின் நடுவிலேயே வரிசையாகப் பெட்டிக்கடைகள். தோல் செருப்பு, தோல் பை, கலர் கலராகப் போர்வை, மண் பொம்மை, பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, குழந்தைகளுக்கான குட்டி கிடார். தலைக்கு மேலே பினியாட்டாக்கள் தொங்குகின்றன. காகிதத்தில் செய்த பொம்மைகள் அவை. உள்ளே மிட்டாய் நிரப்பி, பிறந்த நாளன்று குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டுக் கம்பால் அடிக்கச் சொல்வார்கள். நம் உறியடிதான், முகத்தில் தண்ணீர் பீய்ச்சுவது மட்டும் இல்லை.

ஒரு கடையில் பெரிய சொம்பிரேரோ தொப்பி வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். "மெக்சிகோ பார்த்தாச்சு!" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அம்மா, "பாஸ்போர்ட் இல்லாமலேயா?" என்று பதில் போட்டிருந்தார்.

அந்தப் படத்தை ஆய்வகத்தில் பெருமையாகக் காட்டினேன். என் பக்கத்து மேஜையில் இருக்கும் தோழி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், மெக்சிகோ வம்சாவளி. பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எங்க வீட்ல யாரும் இப்படித் தொப்பி போட்டு நான் பார்த்ததே இல்லை. இன்னொரு நாள் போகலாம் வா. இந்தத் தடவை நான் காட்டறேன்" என்றாள்.

அப்படி இரண்டாம் முறை போனது 2025-இன் இலையுதிர் காலத்தில். அவள் என்னைக் கடைகளுக்கு அழைத்துப் போகவில்லை. தெருவுக்குத் தெற்கே இருக்கும் பழைய சதுக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். 1870-களில் நட்ட பெரிய மரங்கள் அங்கே நிற்கின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, நம் ஆலமரத்தின் உறவு. நான்கில் ஒன்று 2019-இல் சாய்ந்துவிட்டது. 1781 செப்டம்பரில் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில், பதினோரு குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் இந்தப் பக்கத்தில்தான் வந்து குடியேறினார்கள். அதுதான் லாஸ் ஏஞ்சலஸின் தொடக்கம். அவர்கள் பெயரெல்லாம் ஒரு பலகையில் பொறித்திருக்கிறது, பெயருக்குப் பக்கத்திலேயே இனமும். பூர்வகுடிகள், கலப்பினத்தவர், கறுப்பர்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆப்பிரிக்க ரத்தம் உண்டு. சினிமாவில் பார்த்த லாஸ் ஏஞ்சலஸுக்கும் இந்தப் பலகைக்கும் ஒட்டே இல்லை. 1821-இல் மெக்சிகோ விடுதலை அடைந்தபோது ஊர் மெக்சிகோவுடன் போனது. 1848-இல் போர் முடிந்து ஒப்பந்தம் ஆனபோது அமெரிக்காவுக்கு வந்தது. மக்கள் எங்கும் போகவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது.

பிறகுதான் தெருவுக்குள் நுழைந்தோம். இதன் பழைய பெயர் ஒயின் தெரு. பக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. 1877-இல் அகுஸ்தின் ஒல்வேரா என்ற நீதிபதியின் பெயரை வைத்தார்கள். தரையில் செங்கல் வரிசை ஒன்று மட்டும் குறுக்காக, மூலைவாட்டில் ஓடுகிறது. போன முறை அதன் மேல் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன், கவனிக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த தாய் வாய்க்கால் போன தடம் அது.

நடுவில் ஆவிலா வீடு. 1818-இல் கட்டியது, இந்த நகரத்தில் மிச்சம் இருக்கும் வீடுகளிலேயே பழையது. வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல் சுவர்கள், நல்ல கனம். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே எங்கள் ஊர்ப் பழைய மண் வீட்டுக் குளிர்ச்சி. இந்த வீட்டை இடித்துத் தள்ளச் சொல்லி 1928-இல் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. தெருவே அப்போது குப்பைச் சந்தாகக் கிடந்ததாம்.

அதைக் காப்பாற்றியவர் கிறிஸ்டீன் ஸ்டெர்லிங் என்ற பெண்மணி. மெக்சிகோகாரர் இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்களிடம் நன்கொடை திரட்டினார், பத்திரிகை முதலாளியின் ஆதரவைப் பிடித்தார். கூலி கொடுக்கப் பணம் போதாமல் சிறைக் கைதிகளை வைத்து வேலை நடந்தது. நல்ல கொத்தனார் யாராவது கைதாகி வந்தால் தேவலை என்று அவர் டைரியில் எழுதி வைத்திருக்கிறார்! 1930 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறன்று தெரு திறந்தது. பழைய மெக்சிகோவை அப்படியே கொண்டுவந்து வைத்த கடைத்தெரு என்று விளம்பரம். வியாபாரிகள் மெக்சிகோ உடை போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் அந்த இடத்தின் அழகு.

"ஆக, இது செட்டா? சினிமா செட் மாதிரி?" என்றேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"பாதி செட். மீதியைச் சொல்றேன்" என்று மறுபடி சதுக்கத்துக்கே திரும்ப அழைத்து வந்தாள்.

தெரு திறந்து பதினோரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 1931 பிப்ரவரி 26, பிற்பகல். பொருளாதாரம் சரிந்து ஊரெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். வேலையைப் பறித்தது மெக்சிகோகாரர்கள்தான் என்று ஒரு பேச்சு. அன்று குடியேற்றத்துறை ஆட்கள் போலீஸோடு வந்து இதே சதுக்கத்தின் வழிகளை அடைத்தார்கள். சுமார் 400 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். காகிதத்தைக் காட்டு என்று ஒவ்வொருவராக விசாரணை. பிடித்துப் போனது சிலரைத்தான். ஆனால் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மாதமே கவுண்டி தன் செலவில் ரயில் ஏற்பாடு செய்து குடும்பம் குடும்பமாக மெக்சிகோவுக்கு அனுப்ப ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டில் நாடு முழுவதிலுமிருந்து இப்படிப் போனவர்கள் பல லட்சம். அவர்களில் ஏராளமானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

"எங்க கொள்ளுப்பாட்டி அதுல ஒருத்தி. இங்க பிறந்தவ. அப்ப ஏழு வயசு. மெக்சிகோவை அவ பார்த்ததே இல்லை. அங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் அவளை அமெரிக்காகாரின்னு கேலி பண்ணாங்களாம்" என்றாள் தோழி. போர்க்காலத்தில் ஆள் தேவைப்பட்டதும், 1942-இல் அமெரிக்காவே ஒப்பந்தம் போட்டு மெக்சிகோவிலிருந்து தொழிலாளர்களை அழைத்தது. அந்தச் சமயத்தில்தான் கொள்ளுப்பாட்டியும் பிறப்புச் சான்றிதழோடு திரும்பி வந்தாராம். கலிஃபோர்னியா மாநிலம் இதற்கெல்லாம் 2005-இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. 2012-இல் பக்கத்திலேயே ஒரு நினைவுக் கல் வைத்தார்கள்.

நான் வாயடைத்து நின்றேன். இந்தப் பக்கம் மெக்சிகோ உடையில் பொம்மை விற்பவர்களை ரசித்துப் படம் பிடிக்கும் கூட்டம். நூறு அடி தள்ளி, அதே மெக்சிகோ முகத்துக்காக வழிமறிப்பு. இரண்டும் ஒரே ஊர், ஒரே வருஷம்.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்று செபுல்வேதா வீட்டுக்குள் அழைத்துப் போனாள். 1887-இல் கட்டிய வீடு. அதன் வழியாக மேலே போனால் ஒரு பார்வை மேடை. எதிரே இத்தாலியன் ஹால் கட்டடத்தின் மாடிச் சுவரில் பெரிய ஓவியம், 80 அடி நீளம், 18 அடி உயரம். மெக்சிகோவின் பெரிய ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிக்கெய்ரோஸ் 1932-இல் வரைந்தது. பெயர் 'அமெரிக்கா டிராபிகல்'. வெப்பமண்டல அமெரிக்கா என்பது தலைப்பு. வரையச் சொன்னவர்கள் தென்னை, கிளி, சந்தோஷமான ஜனங்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். சிக்கெய்ரோஸ் காட்டையும் இடிந்த கோயிலையும் வரைந்துவிட்டு, நடுவில் மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு உதவியாளர்களை அனுப்பிவிட்டுத் தனியாக அதை முடித்தார். சிலுவையில் கட்டப்பட்ட ஒரு பூர்வகுடி விவசாயி, அவன் தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு.

அக்டோபர் 9-ஆம் தேதி திரையை விலக்கியதும் அதிர்ச்சி. தெருவிலிருந்து கண்ணில் படும் பகுதியைச் சீக்கிரமே வெள்ளையடித்தார்கள், சில வருஷங்களில் முழுவதையும். ஓவியரின் விசாவையும் நீட்டிக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு உதிர உதிர, 1960-களில் உருவங்கள் மெல்ல வெளியே தெரிந்தன. கெட்டி நிறுவனம் பல வருஷம் பாடுபட்டுப் பாதுகாத்து, சரியாக 80 வருஷம் கழித்து 2012 அக்டோபர் 9 அன்று மக்களுக்குத் திறந்தார்கள். போன நிறத்தை மறுபடி பூசவில்லை, மிஞ்சியதை அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, வெறும் கறை படிந்த சுவர். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு விரித்த கைகள் தெரிந்தன. போன முறை நான் தொப்பி வைத்துப் படம் எடுத்தபோது அவன் எனக்கு மேலே அங்கேதான் இருந்திருக்கிறான்.

இறங்கும்போது, "அப்ப இந்தத் தெருவே வேண்டாம்னு சொல்றியா?" என்று கேட்டேன்.

"யார் சொன்னா?" என்று அவள் சட்டென்று கோபித்துக்கொண்டாள். "இங்க கடை வெச்சவங்க யாரு? எங்க ஆளுங்க. பாட்டி, அம்மா, பேத்தின்னு மூணு நாலு தலைமுறையா கடை நடத்தறாங்க. என் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் பினியாட்டா இங்கதான் வாங்கினோம். டிசம்பர்ல லாஸ் போசாதாஸ் ஊர்வலத்துல, மரியாளும் சூசையும் தங்க இடம் கேட்டு வீடு வீடாப் போற மாதிரி, பாட்டுப் பாடிட்டுப் போவோம். அதை நாங்க டூரிஸ்டுக்காகப் பண்ணலை."

யோசித்தால் அது சரிதான். அந்தப் பெண்மணி இல்லாவிட்டால் ஆவிலா வீடு இன்று இல்லை. அதே நேரம், அவர் வேடத்துக்காகத் தைத்துக் கொடுத்த உடையை இந்த மக்கள் உடுத்தி உடுத்தித் தங்கள் சொந்த உடையாக்கிக்கொண்டார்கள். போலியாகத் தொடங்கியது அவர்கள் வாழ்ந்ததால் உண்மையானது. கட்டியவர்களைவிடத் தெருவுக்கு அதிக உரிமை உள்ளவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தெருக்கோடியில் சியெலிட்டோ லிண்டோ கடை, 1934-இலிருந்து இருக்கிறது. மாட்டிறைச்சியைச் சோளரொட்டியில் சுருட்டி எண்ணெயில் பொரித்து, மேலே அவகாடோ சாஸ் ஊற்றித் தருகிறார்கள். அதுதான் டாக்கிட்டோ. (நான் மாட்டிறைச்சி சாப்பிடுவேன், வீட்டில் யாரும் இதைப் படித்துப் பதறாமல் இருந்தால் சரி.) இந்த முறை என் செலவு என்று சொல்லியும் கேட்காமல் தோழி கைப்பையைத் திறந்தாள். பர்ஸோடு சேர்ந்து நீல நிற அமெரிக்கப் பாஸ்போர்ட் ஒன்று வெளியே வந்து விழுந்தது.

"எங்கே, ஊருக்கா போறே?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"இல்லை. ஜூன் மாசத்துலேர்ந்து எப்பவும் பையிலேயே இருக்கு. அம்மா சொன்னாங்க."

2025 ஜூனில் இந்த நகரத்தில் குடியேற்றத்துறைச் சோதனைகள் நடந்ததும், தேசியக் காவல் படை வந்து இறங்கியதும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். விசாவில் படிக்க வந்தவன் நான். என் பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் தன் பாஸ்போர்ட்டோடு டாக்கிட்டோ சாப்பிட வந்திருக்கிறாள். அம்மா வேடிக்கையாகக் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அன்று அதற்குச் சிரித்தேன், இன்று சிரிப்பு வரவில்லை.

தொப்பியை நான் தூக்கிப் போடவில்லை. அதை விற்ற பெரியம்மாவுக்கு அன்றைய வியாபாரம் அது, அதில் தப்பில்லை. ஒருவர் கடையில் வாங்கிச் சாப்பிட்டு, அவர் பாட்டுக்குத் தாளம் போட்டு, அவர் உடையைப் போட்டுப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் மட்டும் முகம் சுளிப்பதுதான் தப்பு. அது ஒரு ஊருக்கோ ஒரு நாட்டுக்கோ மட்டும் சொந்தமான தப்பும் இல்லை.

நீங்கள் லாஸ் ஏஞ்சலஸ் வந்தால் ஒல்வேரா தெருவுக்கு அவசியம் போங்கள். தொப்பி வாங்குங்கள், டாக்கிட்டோ சாப்பிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி அந்த மேடையில் ஏறி நில்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றால் தெரியும்.