முதலில் கான்ஸ்ட், தேவைப்பட்டால் லெட்

ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் ஆசையோடு சொல்வது இதுதான்: எதையும் முதலில் கான்ஸ்ட் என்றே அறிவியுங்கள். மதிப்பு மாறியே ஆக வேண்டுமென்றால் மட்டும் லெட் போடுங்கள். இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட்டின் 2015 தரத்தில் சேர்ந்தவை. பழைய வார் கொண்டு அறிவித்தது ஃபங்ஷன் முழுக்கச் செல்லும். கான்ஸ்டும் லெட்டும் தாம் பிறந்த அடைப்புக்குறிக்குள்ளேயே நிற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். கான்ஸ்ட் என்று அறிவித்த பட்டியலுக்குள் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். அந்தப் பெயருக்கு வேறொரு பட்டியலைத்தான் கொடுக்க முடியாது. பூட்டு பெயருக்கு, உள்ளே இருப்பதற்கு அல்ல.

வரி விகிதம் மாதிரி நிரல் ஓடும்போது மாறக் கூடாத எண்ணை கான்ஸ்ட் என்று அறிவித்தால், மாற்ற முயன்றதும் பிழை காட்டிவிடும். உங்கள் நிரலை நாளை படிப்பவருக்கும் எது மாறும், எது மாறாது என்று உடனே புரியும். அடுத்தவரை நினைத்து எழுதுவதே நல்ல நிரல் என்று உறுதியாக நம்புகிறேன்.