மலைக்கு மேலே ஆறு இல்லை

ஆம்பூரில் இப்போது குழாயில் வருவது காவிரித் தண்ணீர். மேட்டூர்ப் பக்கம் எடுத்து, அத்தனை தூரம் குழாயில் கொண்டுவந்து, பாலாற்றங்கரையில் இருப்பவர்கள் குடிக்கிறார்கள். சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி ஒரு சொம்பை நீட்டி, "பயப்படாம குடிப்பா, இது கெணத்துத் தண்ணி இல்ல" என்றார். கிணறு கொல்லையில் அப்படியேதான் இருக்கிறது. அதன் மேல் தகரம் போட்டு, தகரம் பறக்காமல் இருக்க அம்மிக்கல்லை வைத்திருக்கிறார்கள். அந்தக் கிணற்றில்தான் நான் நீச்சல் பழகினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஊரை விட்டுப் போனபோதே அந்தத் தண்ணீர் உப்பாகிவிட்டது. முதலில் நெல் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு தென்னையின் குருத்து கருகியது. காரணம் எல்லோருக்கும் தெரியும், தோல் ஆலைகள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். ஆலையில் ஊறப் போடும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும். அதற்கு மேல் சுண்ணாம்பு, அமிலம், குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் ஓடும். ஆவாரம்பட்டையில் ஊறிய காலத்தில் தோல் மெதுவாகத்தான் பதமானது. குரோமியம் வந்ததும் வேலை வேகமெடுத்தது, ஏற்றுமதி பெருகியது. சுத்திகரிப்பு நிலையத்தில் குரோமியத்தைக் கசடாகப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அவ்வளவு எளிதில் பிரியாது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கியும் வேண்டும், பெரும் செலவு. செலவு செய்யத் தயங்கிய ஆண்டுகளில் அது நிலத்துக்குள் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அறிவித்தது எங்கள் கிணறுகளை முன்வைத்துத்தான். இந்தியாவில் எந்த ஊரில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூரின் பெயர் அங்கே படிக்கப்படுகிறது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் தீரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடு, மாசுபடுத்தியவர்களிடம் வசூல் செய், கண்காணிக்கக் குழு அமை என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

தோலைத் திட்டிவிட்டுப் போக என்னால் முடியாது. என் படிப்புக்குப் பணம் தந்தது அதுதான். காலையில் கம்பெனி பஸ்களுக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களில் பாதிப் பேர் வீட்டை அவர்கள்தான் தாங்குகிறார்கள். நான் இருப்பது பிராங்க்பர்ட் பக்கம். அடுத்த ஊரான ஒஃபன்பாக்கும் ஒரு காலத்தில் தோல் ஊர். இன்று அங்கே 1917இல் தொடங்கிய தோல் அருங்காட்சியகத்தைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. அங்கே தோல் தொழில் ஓய்ந்த பிறகு சுற்றுலா மிஞ்சியது. எங்கள் பக்கம் தோல் நடந்துகொண்டிருக்கும்போதே சுற்றுலாவும் வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் மலை மேல்.

"பெரியப்பா, ஏலகிரில ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேன். நீங்க பாதி போட்டீங்கன்னா ரெசார்ட் ஆரம்பிச்சிடலாம்" என்றான் தம்பி மகன். ஷூ ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை, நல்ல சுறுசுறுப்பு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்கள் நெடுஞ்சாலையில் பிரியாணிக்கு நிறுத்துகிறார்கள், அப்படியே மலை ஏறுகிறார்கள், அறை கிடைப்பதில்லை என்று கணக்குக் காட்டினான். கணக்கில் தப்பு இல்லை.

இடத்தைப் பார்க்க அவனோடு கிளம்பினேன். மலையடிவாரப் பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் காரை நிறுத்தி ஒரு குடும்பம் குரங்குகளுக்குச் சிப்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த தாய்க்குரங்கு பாக்கெட்டை வாங்கி, பல்லால் ஓரத்தைக் கிழித்து, உள்ளே விரலை விட்டு மசாலாத் தூளை வழித்து நக்கியது. எத்தனை முறை செய்திருந்தால் அந்த லாகவம் வரும்! மேலிருந்து வந்த வேன் பிரேக் போட்டு நின்றதைக்கூட அது திரும்பிப் பார்க்கவில்லை. காட்டில் அத்திப் பழமும் ஆலம் பழமும் தின்று விதையைத் தூவித் திரிய வேண்டியது, தார்ச்சாலையில் காத்திருக்கிறது. வார நாட்களில் கார் வராதபோது கொய்யாத் தோப்பிலும் ஓட்டு வீட்டிலும் இறங்குகிறது. கொடுப்பவர் சந்தோஷமாகக் கீழே போய்விடுகிறார். அடி வாங்குவது குரங்கு, ஓடு மாற்றுவது மலைக்காரர்.

அவன் பார்த்த இடம் நிலாவூர்ப் பக்கம். பக்கத்து வேலிக்குள் புதுக் கட்டடம், நீச்சல் குளம், ஆழ்துளைக் கிணறு. ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல், நாலாபுறமும் முகடு சூழ்ந்த மேட்டுநிலம். கீழே கெட்டிப் பாறை. பெய்கிற மழை பாறை வெடிப்புகளில் இறங்கித் தங்குவதுதான் நிலத்தடி நீர். எங்களுக்காவது காவிரி வந்தது. மலைக்கு மேலிருந்து இறங்கி வர எந்த ஆறும் இல்லை. குளியலறைத் தண்ணீரும் கழிவுத்தொட்டித் தண்ணீரும் போய்ச் சேர்வதும் அதே வெடிப்புகளில்தான்.

புங்கனூர் ஏரிக்கரையில் பலாச்சுளை விற்ற அம்மாவிடம் கேட்டேன். "சனி ஞாயிறு யாவாரம் பரவால்லப்பா. பசங்க ரெண்டு பேரும் லாட்ஜ்லதான் வேல செய்றாங்க. ஆனா சித்திரை வந்தா எங்க கெணறு கீழ போயிடுது. சுத்தி போர் போட்டுகினே இருக்காங்க" என்றார். சுற்றுலா வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நிலத்தை விற்றவர்கள் அதே நிலத்தில் எழுந்த விடுதியில் துணி துவைக்கும் வேலைக்குப் போவதைத்தான் குறையாகச் சொன்னார்.

எத்தனை பேர் வந்தால் ஒரு மலை தாங்கும் என்பது கேட்கக்கூடாத கேள்வி அல்ல. சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூர் ஐஐஎம்முக்கும் போனது. 2025 ஏப்ரலில் வண்டிகளுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஊட்டி அளவுக்கு நெரிந்த பிறகுதான் எண்ண வேண்டும் என்று சட்டம் இல்லை. ஏலகிரி சின்ன மலை. அதை இப்போதே எண்ணலாம்.

கட்டுப்பாடு வைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்கிறான் தம்பி மகன். ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு அவனைக் கூட்டிப் போனேன். ஜவ்வாது மலையின் இருட்டை நம்பித்தான் வானியலாளர் வைணு பாப்பு அறுபதுகளில் அங்கே வானாய்வகம் தொடங்கினார். 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. பொதுமக்களுக்கு ஒதுக்கிய மாலையில் போகலாம், இருட்டைக் கெடுக்காமல் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சம்மதித்துத்தான் குழந்தைகளோடு வருகிறார்கள். 2024இல் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் இருக்கின்றன. முன்பதிவு வேண்டும், வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருக்கிறார்கள். வழிகாட்டுவதற்கான சம்பளம் மலையிலேயே தங்குகிறது. எனக்கு இந்தப் பாதைதான் பிடித்திருக்கிறது.

கேடு வருமுன் தடு என்று எங்கள் கிணறுகள் பாழான பிறகு நீதிமன்றம் சொன்னது. மலைக் கிணறுகளில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை வாங்கிக் கொடுத்த ஊர்க்காரர்கள் நாமே மேலே போய்ப் போர் போட்டால், கிணறு பாழாகிச் சித்தப்பா பட்ட பாட்டுக்கு அர்த்தமில்லை.

ரெசார்ட்டுக்குப் பணம் தரமாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். மலைக் குடும்பம் ஒன்றின் ஓட்டு வீட்டைச் செப்பனிட்டு, இரண்டு அறை தங்கலாக்கி, வாடகை அவர்கள் கைக்கே போகும்படி செய்தால் பாதி என்ன, முழுவதும் போடுகிறேன். கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்ட வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் தோட்டத்துக்கு விட வேண்டும். புதிதாகப் போர் போடக்கூடாது. "ரெண்டு ரூம்ல என்ன பெரியப்பா வரும்?" என்று கேட்டான். இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் தொட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் விசாரித்திருக்கிறான்.