இறுக்கிப் பின்னும் கை, தளர்த்திப் பின்னும் கை

சமையலில் உப்பு போலத்தான் பின்னலில் இழுப்பும். ஆளுக்கு ஆள் மாறும். ஒரே நூல், ஒரே லூம். ஆனாலும் அம்மா போடும் கண்ணி நெருக்கமாக விழும், மகள் போடுவது தளர்வாக நிற்கும்.

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் நம்மூர் அம்மாக்கள் சிலருக்கு, பனிக்கால மதியங்களில் துணையாக இருப்பது இந்த லூம்தான். பின்னல் ஊசியே பிடிக்காதவர்கள்கூடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வட்டம், அதைச் சுற்றி முளைகள், ஒரு கொக்கி. முளையில் நூலைச் சுற்றி, அடியில் இருக்கும் கண்ணியைக் கொக்கியால் தூக்கித் தாண்டவிட்டால் ஒரு பின்னல் ஆயிற்று. 24, 31, 36, 41 முளைகள் கொண்ட வட்டங்கள் ஒரே செட்டாகக் கிடைக்கும். 24 பச்சைக் குழந்தைக்கு, 36 பெரியவர்களுக்கு.

ஊசியில் பின்னுபவர், தடித்த ஊசிக்கு மாறிக் கண்ணியைப் பெரிதாக்கலாம். லூமில் முளைகளின் இடைவெளி மாறாது. மாற்ற முடிந்தது நூலின் தடிமனும் சுற்றும் விதமும்தான். முளையை முழுதாகச் சுற்றினால் கண்ணி பெரிது, வேலையும் வேகம். நூலை முளைக்கு முன்னால் நேராக வைத்துத் தூக்கினால் கண்ணி சிறிது, துணியும் நெருக்கம். ஆனால் கொக்கி நுழைய இடமின்றி விரல் வலிக்கும். பாதி சுற்றினால் இரண்டுக்கும் நடுவே அமையும்.

“இவ்ளோ ஓட்டையா இருந்தா காத்து புகுந்துடும்டி” என்பார் அம்மா.

“நீ போடற டைட்டுக்குக் குழந்தை தலையே நுழையாதும்மா” என்பாள் மகள்.

இருவர் சொல்வதும் நியாயம். இறுக்கமான தொப்பி இழுபடாது, நெற்றியில் தடம் பதிக்கும். தளர்ந்தது கண்ணை மறைக்கும். காலுறையில் பெரிய கண்ணி விட்டால் பிஞ்சு விரல் அதில் மாட்டிக்கொள்ளும். தளர்த்திப் பின்னும் கைக்கு இரண்டு இழை நூலைச் சேர்த்துப் பிடிப்பது நல்லது. இறுக்கும் கைக்குப் பாதிச் சுற்று போதும். முதலில் ஒரு சிறு துண்டு பின்னி, 4 அங்குலத்துக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

தங்க அனுமதித்த மாதங்கள் முடிந்து அம்மா ஊர் திரும்பிவிடுவார். தொப்பி அங்கேயே இருக்கும். அவருக்குப் பிடித்த கண்ணியா, மகளுக்குப் பிடித்ததா என்று குழந்தைக்குத் தெரியாது. குத்தாமல், நழுவாமல், கதகதப்பாக இருந்தால் அதற்குப் போதும்.