மிஞ்சிய ஒரு புள்ளி

நாற்பத்தைந்து வயதில், மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன், இரவு பன்னிரண்டு மணிக்கு, இல்லாத ஒரு போர்வீரனுக்கு வலிமை எவ்வளவு, விவேகம் எவ்வளவு என்று தாளில் கூட்டிக் கழித்துக் கொண்டிருந்தான் என்றால் வாசகர்கள் நகைப்பார்கள். அந்த ஒருவன் நானே. நகைப்பதற்குரிய பகுதியை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

2023 ஜூன் மாதம் சிகாகோவிலிருந்து என் ராத்தா தம் மகனுடன் ஒரு மாத விடுமுறைக்கு ஊர் வந்தார். மச்சான் மர்ஹூமாகி அப்போது ஓராண்டு கடந்திருந்தது. பையனுக்குப் பதினைந்து வயது. தமிழ் நன்றாகப் புரியும்; பேசத் தொடங்கினால் பாதி வழியில் நின்றுவிடும். முதல் வாரம் உணவுக்கும் தொழுகைக்கும் அன்றி மாடியறையை விட்டு அவன் இறங்கவில்லை. ஒருநாள் மக்ரிபுக்குப் பின் கனத்த நூலொன்றை ஏந்தியவாறு என் முன் வந்து நின்றான்.

"மாமா, என்கூட விளையாடுவீங்களா?"

விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக முதலில் ஆயிரம் படிகள் வெளிவந்தன. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் ஓடிவிடுகிறேன்" என்று வாயால் சொல்லியே கதையை நகர்த்துவார்கள். வெற்றியா தோல்வியா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை முடிவு செய்யும்.

பகடை என்றதும் நான் தயங்கினேன். அதைப் பற்றி மார்க்கத்தில் வந்துள்ள எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவனே நான் அல்லவா! பையன் முகம் வாடவில்லை. மறுநாள் காலை ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தான். அதனுள் ஒன்று முதல் இருபது வரை எண்ணிட்டு மடித்த காகிதச் சீட்டுகள். பகடை கிடைக்காமல் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 1979-இல் விற்ற பெட்டிகளில் எண்ணிட்ட அட்டைச் சீட்டுகளையே வைத்துக் கொடுத்தார்களாம். பந்தயமும் இல்லை, பணமும் இல்லை. ஆயினும் சீட்டுக்கும் பகடைக்கும் என்ன வேறுபாடு என்று வினவும் ஆலிம்களுக்கு நான் நேரில் பதில் சொல்லிக் கொள்கின்றேன்.

முதலில் பாத்திரத்தை உருவாக்க வேண்டும். 1974-இன் விதிப்படி இது சில நிமிட வேலை. மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி, வந்த எண்களை வந்த வரிசையிலேயே வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, கைத்திறன், வசீகரம் என ஆறு குணங்களுக்கும் எழுதிக் கொள்ள வேண்டும். ஒரு குணத்திற்கு உச்ச எண்ணாகிய 18 கிடைக்க 216-இல் ஒரு வாய்ப்பே உண்டு. தொழில்களும் அன்று மூன்றே: போர்வீரர், மந்திரவாதி, சமய ஊழியர். கிடைத்ததை வைத்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

பையன் கொண்டு வந்ததோ 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் 12 தொழில்கள், 9 இனங்கள், 13 பின்னணிகள். பெருக்கிப் பார்த்தேன், 1404. உட்பிரிவுகளைச் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். பகடை வேண்டாதவர்களுக்கென அதில் வேறொரு வழியும் இருந்தது. கையில் 27 புள்ளிகள் தரப்படும். ஆறு குணங்களையும் எட்டில் தொடங்கி, பதினைந்துக்கு மேற்படாமல் நாமே உயர்த்திக் கொள்ளலாம். பதின்மூன்று வரை படி ஒன்றுக்கு ஒரு புள்ளி. அதற்கு மேல் இரண்டிரண்டு. பேணுதலுக்காக நான் தேர்ந்த வழி இதுவே. என்னைப் பிடித்து உட்கார வைத்ததும் இதுவே. பகடை உருட்டியவனுக்கு வருந்துவதற்காவது ஓர் எல்லை உண்டு. தானே தேர்ந்து கொள்பவனுக்கு அதுவும் இல்லை.

என் பத்து வயது மகள் பத்தே நிமிடத்தில் தன் பாத்திரத்தை முடித்துவிட்டாள். படத்தைப் பார்த்து ஒரு குள்ளத் திருடியைத் தேர்ந்து, அதற்கு எங்கள் வீட்டுப் பூனையின் பெயரையும் சூட்டிவிட்டாள். "ஓதிக்கொடுக்கிறவர் வீட்டில் திருடியா?" என்று என் மனைவிக்குச் சற்றே வருத்தம்.

தெய்வங்களுக்கு ஊழியம் செய்வோர், ஏதோவொரு சக்தியோடு உடன்படிக்கை செய்து மந்திரம் பெறுவோர் ஆகியோரை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். மனிதன், போர்வீரன் என்று முடிவாயிற்று. அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் போர்வீரனுக்கு ஆறு வகைப் போர்முறைகள் உண்டு. மூன்றாம் படிநிலையை அடையும்போது மூன்று கிளைகளுள் ஒன்றைத் தேர வேண்டும். முதல் அடியையே எடுத்து வைக்காதவன் மூன்றாம் படியில் எப்படி நிற்பான் என்று நான் கவலைப்படலானேன். பின்னணி என்று வந்தபோது மாலுமியிடம் மனம் போயிற்று. பாட்டனார் தோணியில் போய் வந்தவர். அடுத்த நாள் அறிஞரிடம் போயிற்று. வரலாற்றில் பி.ஏ. முடித்தவன், மேலே படிக்க எண்ணிப் படிக்காமற் போனவன், வேறெதைத் தேர்வான்? அந்தப் பக்கங்களில் நான் தேடிக் கொண்டிருந்தது போர்வீரனைத்தானா என்று இப்போது ஐயமாக இருக்கிறது.

எண்களின் கதை இன்னும் நீளமானது. குணத்தின் எண் இரட்டைப்படையில் நின்றால்தான் அடுத்த பயன் கூடும். 14-க்கு உள்ளதே 15-க்கும். மனித இனத்திற்கு ஆறு குணங்களிலும் ஒவ்வொன்று இலவசமாகக் கூட்டித் தருவார்கள். ஆகவே ஆறையும் ஒற்றைப்படையில் நிறுத்தினால், கூட்டியபின் எதுவும் வீணாகாது. இப்படி எண்ணி மூன்று இரவுகள் முயன்றேன். ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி மிஞ்சியது. அதைச் செலவிட்டாலோ ஏதேனும் ஒரு குணம் தடம் மாறி வீணாயிற்று. நான்காம் இரவில்தான் புரிந்தது. 9-க்கு ஒரு புள்ளி, 11-க்கு 3, 13-க்கு 5, 15-க்கு 9. எல்லா விலையும் ஒற்றைப்படை. ஆறு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படையே வரும். ஒருபோதும் 27 வராது!

அதிகாலையில் சுப்ஹு தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில் பையனிடம் இதைப் பெருமையோடு சொன்னேன். அவன் சிரித்தான். "அது தெரியும் மாமா. வாப்பா சொல்லியிருக்காங்க." சிறிது தூரம் நடந்தபின், "உங்க ஆள் ரெடியா?" என்றான். "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு" என்றேன்.

அந்த "நாளைக்கு" எத்தனை முறை சொல்லப்பட்டது என்பதை என் மகள் அறிவாள். இருவரை வைத்துத் தொடங்கினால் நன்றாயிராது, மாமாவும் வரட்டும் என்று பையன் சொல்லிவிட்டானாம். நானோ இதனிடையே 'டிராவலர்' என்ற வேறொரு விளையாட்டைப் பற்றி அலைபேசியில் படிக்கத் தொடங்கியிருந்தேன். 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கியது. அதில் பாத்திரம் நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றித் திறமை சேர்க்கும். ஒவ்வொரு நான்காண்டின் போதும் பிழைத்தானா என்று பகடை கேட்கும். தவறினால் ஆட்டம் தொடங்குமுன்னரே பாத்திரம் இறந்துவிடும். மீண்டும் புதிதாகத் தொடங்க வேண்டும். இன்னும் சற்றுத் திறமை, இன்னும் சற்று என்று இருப்பவனுக்கே ஆபத்து அதிகம். படித்துவிட்டுத் தனியே சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடியும் தாளை எடுத்தேன்.

விடுமுறை முடிந்தது. சென்னை விமான நிலையத்தில் பையன் பெட்டிகளோடு முன்னே சென்றபோது ராத்தா மெல்லச் சொன்னார். "ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் வாப்பாவும் மகனும் அந்தப் புஸ்தகத்தோடதான் உக்காருவாங்க தம்பி. அவுக கதை சொல்லுவாக, இவன் விளையாடுவான். மவுத்துக்கு அப்புறம் அவன் அதைத் தொட்டதே இங்கே வந்துதான்."

வாப்பா சொல்லியிருக்காங்க என்று அவன் என்னிடம் சொன்னான் அல்லவா. என் காதில் விழுந்தது அந்த ஒரு புள்ளிதான். உள்ளே செல்லுமுன் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்ல மாமா" என்றான். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகள் அந்தச் சொல்லை எங்கிருந்துதான் கற்கிறார்களோ.

ஊர் திரும்பிய பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். இருபது சீட்டுகளும் இருந்தன. 2024-இல் புதிய பதிப்பு வந்து பின்னணிகள் பதினாறாகிவிட்டன என்ற செய்தி கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் நான் போகவில்லை. சென்ற மாதம்தான் துணிந்து அவனை அழைத்து, "என் ஆள் தயார்" என்றேன். எதிர்முனையில் சற்று நேரம் ஓசையில்லை.

"பேர் என்ன மாமா?"

எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், அதை எழுதவில்லை. அவனையே ஒரு பெயர் வைக்கச் சொன்னேன். வைத்தான்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குகின்றோம்; அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. மகள் இப்போதே டப்பாவைத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள். தாளை மட்டும் நான் கிதாபுகளுக்கிடையே வைத்திருக்கின்றேன். நேற்றிரவு இருமுறை அதன்பால் கை போயிற்று. வசீகரத்தைச் சற்றுக் குறைத்தால் என்ன என்று தோன்றியது.